இடது பக்கம் கியர்

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. முந்தைய நாள் மாலை பிடித்த மழை விடவே இல்லை. காற்று கிடையாது; குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் டாக்ஸி ஏறித் தாராவி தொண்ணூறு அடி சாலையில் இறங்கினேன். என் இரண்டு கைகளிலும் இரண்டு பைகள், அவற்றுக்குள் ஆறு அட்டைப் பெட்டிகள். ஏழாவது பெட்டி பெரியது. அதை டாக்ஸிக்காரர் பாவப்பட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தேன். தாள் நாற்பது ரூபாய்.

பெட்டிகளுக்குள் இருந்தது ஒரு கேமிங் கம்ப்யூட்டர். அதாவது, அதை உண்டாக்கத் தேவையான ஏழு பாகங்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. இந்த வயதில் எனக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் எனக்கும் பயம்.

விஷயம் மார்ச் இரண்டாம் தேதி காலையில் தொடங்குகிறது. என் மனைவி சமையலறையில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் பிடித்திருந்த பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவள் என்னைக் கூப்பிட்ட குரலில் நான் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கவாதம். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்விட்டோம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் அவளுடையது இல்லை என்பது போலத் தொங்கியது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், நான்கு கைகள். அதில் ஒன்று வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் ஏப்ரலில் நின்றது.

செம்பூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் அழைத்துப் போனேன். அங்கிருந்த தெரபிஸ்ட் முதல் நாளே சொல்லிவிட்டார்: முதல் ஆறு மாதத்தில் கை எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவும் லாபம், அதன் பிறகு முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். அன்று முதல் நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவியோ கொடுத்த ரப்பர் பந்தைப் பத்து முறைக்கு மேல் அழுத்த மாட்டாள். பதினொன்றாவது முறைக்கு நான் வாயைத் திறந்தால் பந்து என்மேல் வரும். “பந்தை நசுக்கிண்டு உக்கார நான் என்ன குழந்தையா?” என்பாள்.

ஜூன் மாதம் ஒரு நாள் அந்த நிலையத்தின் மூலையில் இருந்த ஒரு கருவி காலியாக இருந்தது. கம்ப்யூட்டரில் இணைத்த ஒரு ஸ்டியரிங் சக்கரம், கீழே இரண்டு மிதிகள், எதிரே திரையில் ஒரு மலைச்சாலை. லாரி ஓட்டுகிற விளையாட்டு. தெரபிஸ்ட் அவளை அதில் உட்காரவைத்தார். இடது கையைச் சக்கரத்தில் வைத்து, விழாமல் இருக்க ஒரு பட்டையால் லேசாகக் கட்டினார். என் மனைவி இருபத்தைந்து நிமிடம் லாரி ஓட்டினாள். இறங்கச் சொன்னபோது, “இருங்கோ, பெட்ரோல் பங்க் வரது” என்றாள்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் முழுக்க அதே பேச்சு. எந்த வளைவில் தடுப்பை இடித்தாள், எங்கே ஹாரன் அடித்தாள் என்று. அவள் அப்படிப் பேசி நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸில் போனாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் அவளுக்கு. கல்யாணமான புதிதில் ஒரு முறை, டிரைவிங் பள்ளியில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கார் இல்லாத வீட்டில் லைசென்ஸ் எதற்கு என்று நான் கேட்டேன். கேள்வி அப்போது எனக்கு நியாயமாகத் தெரிந்தது. அவள் மறுபடி அதைப் பேசவில்லை.

நிலையத்தில் அந்தக் கருவிக்குப் போட்டி அதிகம். வாரத்தில் ஒரு முறை, கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆகவே வீட்டிலேயே ஒன்று வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பட்ஜெட் ஐம்பத்தையாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வைப்பு நிதியைத் தொட வேண்டும். திரைக்கு வீட்டு டிவியே போதும்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முப்பத்து நான்கு வருடம் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன். ஆணி முதல் பாய்லர் வரை வாங்கியிருக்கிறேன். எங்கள் பிரிவில் சில விதிகள் உண்டு. மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும். பொருளைத் தயாரிக்கிற கம்பெனியின் பெயரைக் குறிப்பிடக்கூடாது. பொருளின் திறனை எழுதி, ‘அல்லது அதற்கு நிகரானது’ என்று முடிக்க வேண்டும். பொருள் எதற்காக, எவ்வளவு அவசரம் என்பதை விற்பவனிடம் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் விலை ஏறும். கடைசியாக, ஒவ்வொரு பொருளுக்கும் யார் குறைந்த விலையோ அவரிடம் அந்தப் பொருளை வாங்க வேண்டும். இந்த விதிகளால் என் கம்பெனிக்கு எத்தனையோ லட்சம் மிச்சமாகியிருக்கிறது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கியதும் இப்படித்தான். “என்னையும் மூணு கொட்டேஷன் வாங்கித்தான் பண்ணிண்டேளா?” என்று என் மனைவி கேட்காத வருடம் கிடையாது.

இணையத்தில் பதினேழு காணொளிகள் பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தையது தப்பு என்றது. கடைசியில் ஏழு பாகங்களின் பட்டியலைத் தயாரித்தேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர், அது உட்காரும் பலகையான மதர்போர்டு, நினைவுப் பட்டை, படத்தைத் திரையில் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, தகவல் சேமிக்க ஒன்று, மின்சாரம் கொடுக்க ஒன்று, எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அல்லது அதற்கு நிகரானது’. மூன்று தடவை, மும்பையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டுக்கு ரயிலில் போய் மூன்று கடைகளில் விலை வாங்கினேன். ஒரு கடைக்காரர் மட்டும், “அங்கிள், யே கிஸ்கே லியே சாஹியே?” என்று கேட்டார். யாருக்கு வேண்டும் என்று. “ஆபீஸ் கே லியே” என்று முடித்துக்கொண்டேன்.

ஏழு வரிசை, மூன்று பத்திகள் போட்டு ஒப்பீட்டுத் தாள் எழுதினேன். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த விலையைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எந்த ஒரு கடையில் மொத்தமாக வாங்குவதை விடவும் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம். பெருமை தாங்கவில்லை, மனைவியிடம் காட்டினேன். அவள் வலது கையால் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்னா, இதுல எங்கயாவது லாரின்னு எழுதியிருக்கேளா?” என்றாள். இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

பொருள்கள் வீடு வந்ததும், வழக்கப்படி அன்றே சரிபார்ப்பு. ஒவ்வொரு பெட்டியின் சீலையும் பேப்பர் கத்தியால் வெட்டி, உள்ளே இருப்பதை எண்ணி, பெட்டிமேல் ‘பெறப்பட்டது, நல்ல நிலையில்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஏழு பெட்டி, ஏழு கையெழுத்து. மொத்தம் 50,550 ரூபாய். மிச்சமுள்ள நாலாயிரத்து நானூற்றைம்பதில் பழைய ஸ்டியரிங் சக்கரம் ஒன்று கிடைக்காதா என்பது என் எண்ணம்.

பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தர அந்தக் கடைகளில் ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக், தாராவியில் ஐந்நூறுக்குச் செய்து தருகிற ஒரு அம்மா இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். குறைந்த விலை. அதனால்தான் ஜூலை பதினெட்டாம் தேதி, என் கணக்கில் நூற்று முப்பத்தெட்டாவது நாள், அந்த மழையில் அங்கே போய் நின்றேன்.

கடை பத்துக்கு எட்டு அடி இருக்கும். மேல்தளத்தில் தையல் யந்திரங்கள் ஓடுகிற அதிர்வு கூரை வழியாகத் தெரிந்தது. சுவர் முழுக்கக் கழற்றிய கம்ப்யூட்டர்கள். நடுவில் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு சுத்தமான திருநெல்வேலி. பிறந்து வளர்ந்தது அதே சந்து என்று பின்னால் தெரிந்தது.

“வாங்க சார், தலையப் பாத்து. எல்லாம் நனையாம கொண்டாந்துட்டியளா?” என்றபடி பெட்டிகளை வாங்கி வரிசையாக மேஜைமேல் வைத்தார். முதல் பெட்டியில் என் கையெழுத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். “எல்லாப் பெட்டிலயும் ஆட்டோகிராஃப் போட்டிருக்கிய. சினிமால நடிச்சியளோ?”

பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பிராசஸரை ஒரு கையிலும் மதர்போர்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சார், இது ரெண்டும் வேற வேற கம்பெனிக்குள்ளது. இந்தப் பலகைல இது உக்காராது.”

“இரண்டும் நான் கேட்ட ஸ்பெசிஃபிகேஷன்படிதான் இருக்கு. தாளைப் பாருங்கோ.”

“ஸ்பெசிஃபிகேஷன்ல குத்தம் இல்ல. மாப்பிள்ளையும் நல்லவரு, பொண்ணும் நல்லவ. ஆனா ரெண்டும் வேற வேற கல்யாணத்துக்கு வந்தவங்க.”

கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியும் குறைந்த விலை, கார்டும் குறைந்த விலை. ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை.

அடுத்து நான் பேசியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. என் அனுபவத்தில், ‘நீங்கள் வாங்கியது பொருந்தாது’ என்று எந்த வியாபாரி சொன்னாலும், அடுத்து அவன் தன் சரக்கைக் காட்டுவான். “இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்மா. என்கிட்ட இருக்கறதைக் குத்தம் சொல்லிட்டு உங்க சரக்கைத் தள்ளிவிடப் பாக்காதீங்கோ” என்றேன். மேலே தையல் யந்திரம் கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பலகையை என் முன்னால் வைத்தார். பிராசஸரை என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சிறியது.

“நீங்களே வச்சுப் பாருங்க. அழுத்தப்பிடாது. சரியான எடம்னா தன்னால விழும்.”

வைத்தேன். விழவில்லை. திருப்பி வைத்தேன். நான்கு பக்கமும் திருப்பினேன். பொருந்தாத மரையுள்ள போல்ட்டு வந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியவன் நான். இங்கே என் தாளில் நானே எழுதிய ‘அல்லது அதற்கு நிகரானது’ என் கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மூன்று கடைக்காரர்களும் ஒன்றோடொன்று பொருந்துகிற செட்டைத்தான் கொடுத்திருந்தார்கள். அவற்றைக் கலைத்தவன் நான். சீல்களை வெட்டி, மேலே கையெழுத்தும் போட்டிருந்ததால் எந்தக் கடையும் திருப்பி வாங்காது, பில்லிலேயே அச்சிட்டிருந்தது.

ஆறு மாதத்தில் பாக்கி நாற்பத்திரண்டு நாள். பணத்தில் பாக்கி நாலாயிரத்து நானூற்றைம்பது. இரண்டு எண்களும் தலைக்குள் சுற்றின. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்மணி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

டீ வந்ததும் கேட்டார். “சரி, இது என்னத்துக்கு சார்?”

“ஆபீஸ் உபயோகத்துக்கு.”

“ஆபீஸுக்கு இம்மாம் பெரிய கார்டா? கணக்குப் புஸ்தகத்த நிலாவுக்கா அனுப்பப் போறிய?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “யாருக்குன்னும் எதுக்குன்னும் சொல்லாம நான் எப்படி சார் வழி சொல்ல?”

எங்கள் கட்டிடத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. ‘கொஞ்சம் உடம்பு சரியில்லை’ என்பதோடு சரி. முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம், கால் மணி நேரம் முன்பு நான் அவமதித்தவரிடம், பால் பாக்கெட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். லாரியைச் சொன்னேன். நாற்பத்திரண்டு நாளைச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “வீட்டம்மா இப்ப முழிச்சிருப்பாகளா? போனப் போடுங்க.”

ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி, “என்ன, அதுக்குள்ள சண்டை போட்டுட்டேளா?” என்றுதான் ஆரம்பித்தாள்.

“சண்டைலாம் முடிஞ்சிட்டு மாமி. நான்தான் கம்ப்யூட்டர் பூட்டுறவ பேசுதேன். மேஜை எவ்வளவு உயரம்? கால் தரைல படுதா? அந்த லாரி தவிர வேற எதுவும் ஆடுவியளா?”

“லாரி போறும்மா. துப்பாக்கியெல்லாம் எனக்கு வேண்டாம்.”

“சரி. கியர் தனியா ஒரு கம்பி வச்சுத் தரலாம், நெசமான லாரி மாதிரி. செம்பூர்ல அது இல்லன்னு சொன்னாரு. எந்தப் பக்கம் மாட்ட? வலக் கைக்குத் தோதா வச்சிரட்டா?”

“இடது பக்கம்.”

“மாமி, இடது கைதான் வரலன்னு சார் சொல்லுதாரு.”

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

“நம்ம ஊர் லாரில கியர் இடது பக்கம்தானேம்மா இருக்கும்?” என்றாள் என் மனைவி. “அங்கயே வையுங்கோ. அது கத்துக்கட்டும்.”

நான் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பந்தைப் பத்து முறைக்கு மேல் தொடாதவள், முடியாத கைக்குத்தான் வேலை கேட்கிறாள். ஒரு மாதமாக நான் பட்டியல் போட்டேன், ஒப்பிட்டேன், வட்டமிட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறைகூட அவளைக் கேட்டதில்லை.

போனை வைத்ததும் அந்தப் பெண்மணி வேறு ஆளாகிவிட்டார். “மாமா, இந்த லாரி கேமுக்கு இவ்வளவு பெரிய கார்டு வேண்டாம். சின்னது போதும். சின்னது வந்தா பெட்டிக்குள்ள போயிரும். பெருச விட்ட காசுல கியர், மிதி, ஸ்டியரிங் எல்லாம் வாங்கிரலாம்” என்றார். நான் எப்போது சாரிலிருந்து மாமாவானேன் என்று கவனிக்கவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தாராவி, காட்கோபர், பாண்டுப் என்று அங்கங்கே கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களும் விளையாடுகிறவர்களும் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்தாததை வேறு ஒருவரோடு மாற்றிக்கொள்வார்கள். அதலா பதலி என்று சொல்வார்கள். என் பெட்டிகளைக் கையெழுத்தோடு படம் எடுத்துப் போட்டார். நாற்பது நிமிடத்தில் பாண்டுப்பிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அவரிடம் இருந்தது என் பிராசஸருக்குப் பொருந்தும் மதர்போர்டு. அவருக்குத் தேவையான மதர்போர்டு என்னிடமிருந்தது. பெரிய கார்டும் வேண்டுமாம். தன் சின்னக் கார்டையும் பலகையையும் கொடுத்து, மேலே 8,400 ரூபாய் தருகிறேன் என்றார்.

மூன்று நாற்பதுக்கு மழையில் வந்து இறங்கினார். சின்னப் பையனாக இருக்கும் என்று நினைத்தேன். ஏதோ ஆபீசில் காவல் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயது மனிதர். நீல யூனிஃபார்மில், பொருள்களைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டிமேல் என் கையெழுத்தைப் பார்த்து, “யே கிஸ்கா சைன் ஹை?” என்றார், இது யார் கையெழுத்து என்று. “படே சாஹப் கா. சம்பால் கே ரக்கோ”, பெரிய துரையுடையது, பத்திரமாக வை என்று அந்தப் பெண்மணி சொல்ல, அவர் எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

ஆனால் நான் உடனே சம்மதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சின்னக் கார்டுக்குப் பில் கிடையாது. எட்டு மாதம் ஓடியது. பில் இல்லாத பொருளை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை. இது கெட்டுப்போனால் யாரைப் பிடிப்பது என்று கேட்டேன்.

“என்னப் பிடிங்க. நான் எங்க போகப் போறேன்? இதே சந்துதான். ஒரு தாளக் குடுங்க, எழுதித் தாரேன்” என்றார். என் பையில் இருந்தது அந்த ஒப்பீட்டுத் தாள் ஒன்றுதான். பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன். பேனாவை எடுத்தவர் தயங்கினார். “மாமா, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. நான் படிச்சது இந்தில. நீங்க எழுதுங்க, நான் சொல்லுதேன்.”

எழுதினேன். ‘ஆறு மாதத்துக்குள் எது கெட்டாலும் என்னிடம் கொண்டு வரவும். கை நன்றாக வந்துவிட்டால் வந்து சொல்லவும்.’ இரண்டாவது வாக்கியத்தையும் அவர்தான் சொன்னார். கீழே இந்தி எழுத்தில் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ உத்தரவாதப் பத்திரங்களைப் பார்த்தவன் நான். அதற்கு முன்னால் எதையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதில்லை.

பூட்டி முடிக்க ஒரு மணி பத்து நிமிடம். பிராசஸரை மட்டும் என்னையே வைக்கச் சொன்னார். புதிய பலகையில் அதை வைத்து விரலை எடுத்தேன். தன்னால் விழுந்து உட்கார்ந்தது. அழுத்தவே இல்லை. காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “மழைல வந்த கோவம் மாமா அது” என்றார், ஸ்குரூவிலிருந்து கண்ணை எடுக்காமல். கூலியை ஆயிரமாக நீட்டினேன். ஐந்நூறை எடுத்துக்கொண்டு ஐந்நூறைத் திருப்பினார். “போன்ல சொன்ன ரேட்டுதான்.”

காட்கோபரில் மூடிவிட்ட ஒரு விளையாட்டுக் கூடத்தில் ஸ்டியரிங், மிதி, கியர் மூன்றும் 8,500-க்குப் பேசி முடித்தார். சனிக்கிழமை மாலை அவற்றைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு அவரே வந்தார். பெட்ரோலுக்குக்கூட வாங்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையில் சக்கரத்தைப் பூட்டி, இடது பக்கம் கியர்க் கம்பியை ஒரு கவ்வியால் மேஜையோடு முறுக்கினார். விளையாட்டிலும் ஓட்டுநர் இருக்கையை வலது பக்கம் மாற்றி வைத்தார். என் மனைவி தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள். லாரி ஓட்ட எதற்கு இந்தப் புடவை என்றேன். “முதல் நாள் டியூட்டி” என்றாள்.

முதல் கியருக்குக் கை போகவில்லை. வலது கையால் இடது கையைத் தூக்கிக் கம்பிமேல் வைத்தாள். தள்ளினாள். நழுவியது. மறுபடி வைத்தாள். மேஜை அதிர்ந்தது, லாரி உறுமியது, நகரவில்லை. நான் எழுந்து உதவப் போனேன். அந்தப் பெண்மணி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து உட்காரவைத்தார். ஏழாவது தடவை கியர் விழுந்தது. டக்கென்ற அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது.

எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். தாளில் கோடு போட்டு எண்ணினேன். அரை மணி நேரத்தில் அறுபத்தொரு முறை இடது கை கியரைத் தேடிப் போனது. இருபத்திரண்டு முறை விழுந்தது. ரப்பர் பந்து ஒரு நாளைக்குப் பத்து முறை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் அந்த அரை மணிக் கணக்கு நூற்றைத் தாண்டியது. ஆகஸ்ட் நடுவில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லும் வழியில் அவள் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கை முழுவதும் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ரவிக்கைக் கொக்கி இன்னும் போட வராது. ஆனால் நூற்று எண்பதாவது நாள் காலையில் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஓடினேன். இடது கையில் பால் பாக்கெட்டைப் பிடித்திருந்தாள். வலது கையில் கத்தரிக்கோல். வெட்டினாள். கொஞ்சம் சிந்தியது. இருவரும் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றே டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போய், தாளில் இருந்த இரண்டாவது வாக்கியத்தை நிறைவேற்றிவிட்டு வந்தோம். அந்தப் பெண்மணி என் மனைவியின் இடது கையை நீட்டச் சொல்லிக் குலுக்கினார்.

எங்கள் கொள்முதல் பிரிவின் ஒப்பீட்டுத் தாள்களின் ஓரத்தில் ‘எதற்காக’ என்று ஒரு பத்தி எப்போதும் உண்டு. அதை நிரப்புவது என் வேலை இல்லை என்று முப்பத்து நான்கு வருடமும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். ஒரு இளம் பெண் டிரைவிங் கற்கட்டுமா என்று கேட்டபோது மட்டும்தான், மறுப்பதற்காக, அந்தக் கேள்வியைக் கேட்டேன். இப்போது எதை வாங்குவதானாலும் முதலில் நிரப்புவது அந்தப் பத்தியைத்தான். தாராவியில் எழுதிய அந்தத் தாளிலும், ஏழு சிவப்பு வட்டங்களுக்குப் பக்கத்தில், ‘அவளுடைய இடது கைக்காக’ என்று பிறகு எழுதிவைத்தேன். அதற்குக் கீழே, எல்லா மாற்றல்களும் போக, பூட்டுக்கூலி, ரயில், டாக்ஸி, பிளாஸ்டிக் தாள் உட்பட, அந்தப் பெண்மணி வாங்கிக் கொடுத்த டீயைச் சேர்க்காமல், மொத்தச் செலவு: ரூபாய் 51,570.